அம்மாவுக்கு ஊர் சுற்றிக் காட்டிய லட்சணம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் எழுந்ததும் நினைத்துக்கொள்கிறேன். இரண்டு பேரும் சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, சரியாகச் சொன்னால் அம்மா நூற்றுக்கு நூறு சுகம், எனக்கு இடுப்பில் பிடிப்பு, வலது முழங்காலில் வீக்கம், இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம், நெற்றியில் வெயில் பட்டுத் தோல் உரிந்து சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கிறேன். இதெல்லாம் எப்படி வந்தது என்றுதான் எழுதப் போகிறேன். அப்பாவா இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறார் என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முப்பத்து நாலு வயதுக்காரியைப் பாப்பா என்று கூப்பிடலாமா என்று அம்மா கேட்கிறாள், வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் நீ அம்மாவுக்கு எழுதிய கடிதத்தைப் படித்தேன். திருட்டுத்தனமாகப் படிக்கவில்லை, அவள் அதைச் சாப்பாட்டு மேஜையில் உப்பு பாட்டிலுக்கு அடியில் நாலு நாள் வைத்திருந்தாள், அப்படி வைத்தால் நீங்களும் படியுங்கள் என்று அர்த்தம். கோடை முடிந்ததும் இங்கே வந்துவிடும்மா, லீவுக்கு இல்லை, இருப்பதற்கே வா, அறை தயாராக இருக்கிறது, அந்த ஊரில் அத்தனை வருஷம் இருந்தும் நீ ஊரைப் பார்த்ததே இல்லை, நாலாவது மாடி ஜன்னலில் இருந்துதான் பார்த்தாய், இங்கே வந்தாவது நாலு இடம் போகலாம் என்று எழுதியிருந்தாய். என்னைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி, அப்பாவைக் கேட்டதாகச் சொல் என்று. அதற்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று தாளைத் திருப்பிப் பார்த்தேன், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கோபப்படலாம் என்றுதான் உட்கார்ந்தேன் பாப்பா, ஆனால் நீ எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லாததால் எங்கே பிடித்துக் கோபப்படுவது என்று தெரியவில்லை. அம்மாவிடம் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். கோடை முடியட்டும், யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம், இவள் போனால் திரும்பி வர மாட்டாள் என்று. முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன், ஆனால் இரண்டே நாளில் மூன்று டம்ளர் உடைத்துவிட்டேன்.

அப்போதுதான் மாநகராட்சிக்காரர்கள் போடுகிற அந்தக் கோடை நிகழ்ச்சிப் புத்தகம் கைக்குக் கிடைத்தது. வருஷா வருஷம் பஸ்ஸில் கட்டுக் கட்டாக வைத்துவிட்டுப் போவார்கள், ஏறுகிறவர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள், நான் ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை, சீட் ஆடினால் அடியில் சொருகத்தான் அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். மலர்க் கண்காட்சி, ஏரியில் படகு, புல்வெளியில் பேண்டு வாத்தியம், கடற்கரையில் பட்டம் என்று ஏகப்பட்டது இருக்கிறது. மனுஷனுக்குத் திடீரென்று புத்தி வேலை செய்தது. முப்பத்தொரு வருஷம் இந்த ஊரில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான், இந்த ஊரின் சந்து பொந்தெல்லாம் எனக்கு அத்துப்படி, ஆறு ஞாயிற்றுக்கிழமை இவளை ஊர் முழுக்கச் சுற்றிக் காட்டினால் இதை விட்டுவிட்டு எங்கே போவாள் என்று கணக்குப் போட்டேன். புறப்படும் நேரம், சேரும் நேரம், இடையில் ஐந்து நிமிஷம் ஓய்வு என்று ஒரு அட்டவணை எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினேன். அம்மா மருந்துக் கடையில் இருபது வருஷம் டாக்டர்களின் கிறுக்கலைப் படித்தவள், என் எழுத்தைப் படித்துவிட்டு, இதில் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறீர்களா, பார்சல் அனுப்புகிறீர்களா என்று கேட்டாள். ஆனால் வருகிறேன் என்று சொன்னாள், சொல்லும்போது கொஞ்சம் சிரித்தாள்.

முதல் ஞாயிறு எங்கே கூட்டிக்கொண்டு போனேன் என்று சொன்னால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். பஸ் டிப்போவுக்கு. சிரிக்காதே, அதுவும் அந்தப் புத்தகத்தில் இருந்தது, பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும், பழைய வண்டிகள் நிறுத்தி வைத்திருப்பார்கள் என்று. நாற்பது நிகழ்ச்சி இருக்கிற புத்தகத்தில் என் கண்ணுக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. உள்ளே போனதும் எனக்குக் கால் தரையில் இல்லை, இது நான் ஓட்டியது, இதற்கு கிளட்ச் இறுகும், இதற்கு மழையில் வைப்பர் நின்றுவிடும் என்று ஒவ்வொரு வண்டியாக அம்மாவுக்கு விளக்கினேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது, நானும் குரலை உயர்த்தி, கையை ஆட்டி, இரண்டு மணி நேரம் வெளுத்து வாங்கினேன். முடித்துத் திரும்பிப் பார்த்தால் அம்மா கூட்டத்தில் இல்லை. ஒரு பழைய டயரின் மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து, யாரோ விட்டுப் போன செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். டயர் மெத்தென்று இருந்தது என்றாள்.

சரி, முதல் நாள் சொதப்பல், இரண்டாவது ஞாயிறு பார் என்று மலர்க் கண்காட்சிக்குப் புறப்பட்டோம். பெரிய தாவரப் பூங்கா, என்னுடைய வழித்தடத்திலேயே இருக்கிறது, பூங்கா வாசல் என்று ஒரு ஸ்டாப். அந்த ஸ்டாப்பில் நான் இறக்கிவிட்ட ஜனங்களை வரிசையில் நிறுத்தினால் ஊரைத் தாண்டிப் போகும். அம்மாவை அங்கே இறக்கி, வா என்று கம்பீரமாக முன்னால் நடந்தேன். சுவர் இருந்தது பாப்பா, வாசல் இல்லை. இரண்டு ஆள் உயரத்துக்குச் சுவர், அதில் ஒரு இடத்தில் கதவு இருந்ததற்கு அடையாளமாகக் கொஞ்சம் செங்கல் நிறம் மாறியிருந்தது, அவ்வளவுதான். அந்த வாசலை நான் வேலைக்குச் சேருவதற்கு முன்னாலேயே அடைத்துவிட்டார்களாம். முப்பத்தொரு வருஷமாக, பூங்கா வாசல் பூங்கா வாசல் என்று குரல் கொடுத்து, குழந்தை குட்டியோடு வந்தவர்களை எல்லாம் ஒரு சுவருக்கு முன்னால் இறக்கிவிட்டுப் போயிருக்கிறேன். எங்களோடு இறங்கிய ஒரு குடும்பமும் அதே சுவரைப் பார்த்துவிட்டு நின்றது. அந்த அம்மாள் தன் புருஷனிடம், இந்த டிரைவருங்களுக்கு அறிவே கிடையாதா, அடுத்த ஸ்டாப்தான் கிட்டன்னு ஒருத்தன் சொன்னா என்ன என்று திட்டிக்கொண்டே போனாள். நான் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். சுவரைச் சுற்றி இருபத்தைந்து நிமிஷம் மொட்டை வெயிலில் நடந்தோம், அங்கேதான் என் நெற்றி வெந்தது. பூவெல்லாம் நன்றாகத்தான் இருந்தது என்று அம்மா சொன்னாள், நான் பார்க்கவில்லை, உள்ளே போனதும் ஒரு பெஞ்சில் படுத்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் ஏரி. துடுப்புப் படகில் துடுப்புப் போடுகிறவன் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும் என்பது உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியாது. முன்னால் என்ன வருகிறது என்று பார்க்காமல் வண்டி எடுக்க மாட்டேன் என்று படகுக்காரரிடம் அரை மணி நேரம் வாதாடி, கடைசியில் நான் சொன்னபடியே திரும்பி உட்கார்ந்து துடுப்பைத் தள்ளினேன். படகு இருந்த இடத்திலேயே சுற்றியது. பத்து நிமிஷத்தில் கரையில் ஒரு கூட்டம் ரசித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டது. ஒலிபெருக்கியில், ஒன்பதாம் நம்பர் படகு, ஐயா, நீங்க திரும்பி உட்காருங்க, இல்லைன்னா அம்மாகிட்ட குடுங்க என்று அறிவித்தார்கள். குடுத்தேன். அம்மா சத்தமே இல்லாமல் ஏரியை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, வாத்துகளுக்கு ரொட்டி போட்டு, என்னைக் கரையில் கொண்டுவந்து சேர்த்தாள். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டதற்கு, கல்யாணத்துக்கு முன்னாடி எங்க அண்ணனோட போவேன், நீங்க கேட்டதில்லையே என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

நடுவில் வீட்டுச் சமாச்சாரம் சொல்ல மறந்துவிடுவேன், உன் அத்தை பல் கட்டிக்கொண்டாள். அதைப் போட்டால் பேச வரவில்லை, கழற்றினால் வெட்கமாக இருக்கிறது, அதனால் குடும்பத்தில் மூன்று வாரமாக நிம்மதி. எதிர் வீட்டு டாக்டர்தான் கட்டினார், அவருக்கு நாங்கள் எல்லோரும் கடமைப்பட்டிருக்கிறோம். நம் லிஃப்ட் பழையபடி இரண்டாவது மாடியில் நின்று யோசிக்கிறது. மாப்பிள்ளை நாள் பூராவும் கணினி முன்னால் உட்காருகிறார் என்று கேள்விப்பட்டேன், மணிக்கு ஒருதரம் எழுந்து நடக்கச் சொல், உட்கார்ந்தே சம்பாதித்தவன் இடுப்பு எப்படி ஆகும் என்பதற்கு மாமனாரைப் பார்த்தால் போதும். நீயும் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வெளியே ஓடாதே.

இப்போது நாலாவது ஞாயிறு. இதை எழுதத்தான் இத்தனை நேரம் சுற்றி வளைத்தேன். ஆற்றங்கரைப் புல்வெளியில் பேண்டு வாத்தியம், சாயங்காலம் நாலு மணிக்கு, ஊரே திரண்டு வருகிற நிகழ்ச்சி. அம்மா ஆசையாகக் கிளம்பினாள், அந்த நீலப் புடவை உனக்கு நினைவிருக்கும், அதைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய கைப்பையை நான் தோளில் மாட்டிக்கொண்டேன், போன், கண்ணாடி, வீட்டுச் சாவி, தண்ணீர் எல்லாம் அதில். அவள் கையில் ஒரு குடை மட்டும். பஸ் ஓட்டி வந்தது நான் பழக்கிவிட்ட டிரைவரம்மா, என்னை இன்னமும் சார் என்றுதான் கூப்பிடுவாள். நான் அவளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அடுத்தது வளைவு, இப்போது சிக்னல் விழும் என்று வழி பூராவும் வாயால் ஓட்டிக்கொண்டு வந்தேன். புல்வெளி ஸ்டாப் வந்தது, பஸ்ஸே காலியாகிற மாதிரி ஜனம் இறங்கியது. நான் எழுந்து நின்று படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பார்த்து இறங்குங்க, தள்ளாதீங்க, குழந்தையைக் கையில் பிடிங்க என்று எல்லோரையும் பத்திரமாக இறக்கினேன். அம்மாவையும் முழங்கையைத் தாங்கி இறக்கினேன். கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தேன், யாரும் ஓடி வரவில்லை. சரி, போகலாம் என்று டிரைவரம்மாவிடம் சொன்னேன். கதவு மூடியது, பஸ் கிளம்பியது, நான் ஜன்னல் வழியாக அம்மாவுக்கு டாட்டாகூடக் காட்டினேன்.

பொய் இல்லை பாப்பா, அப்படியே நடந்தது. சீட்டில் வந்து உட்கார்ந்து, அப்பாடா எல்லோரும் ஒழுங்காக இறங்கினார்கள் என்று மூச்சு விட்டேன். மனசுக்கு நிறைவாகக்கூட இருந்தது. பாலத்தில் ஏறிய பிறகுதான் டிரைவரம்மா கண்ணாடியில் என்னைப் பார்த்து, அம்மா மட்டும்தான் கச்சேரிக்கா சார், நீங்க எங்க போறீங்க என்று கேட்டாள். பேந்தப் பேந்த விழித்தேன். மடியில் பார்த்தால் அம்மாவின் கைப்பை. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. பாலத்தில் நிறுத்த முடியாது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், பாலத்துக்கு நடுவில் வண்டியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்கு வகுப்பு எடுத்ததே நான்தான். அக்கரையில் இறக்கிவிட்டாள். நிகழ்ச்சிக்காகச் சாலையை மாற்றிவிட்டிருந்ததால் திரும்பி வர பஸ் இல்லை. நடந்தேன், கொஞ்சம் ஓடவும் செய்தேன், ஓடியது என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன், இரண்டு ஆயாக்கள் தள்ளுவண்டியோடு என்னைத் தாண்டிப் போனார்கள். பெண்கள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு கிழவன் பாலத்தில் மூச்சிரைக்க வருவதைப் பார்த்து ஒரு போலீஸ்காரர் நிறுத்தி விசாரித்தார். மனைவியை ஸ்டாப்பில் விட்டுவிட்டேன் என்றேன். மறந்துவிட்டீர்களா என்றார். இல்லை, நன்றாகத்தான் இறக்கிவிட்டேன் என்றேன். அவர் என் வாயை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

முக்கால் மணி நேரம் கழித்துப் புல்வெளிக்கு வந்து சேர்ந்தேன். வழி பூராவும் எனக்கு ஒரே படம்தான் கண்ணில், அம்மா அந்த ஸ்டாப்பிலேயே குடையைப் பிடித்துக்கொண்டு, கையில் போன்கூட இல்லாமல், வருகிற பஸ்ஸை எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று. ஸ்டாப்பில் யாரும் இல்லை. கூட்டத்துக்குள் புகுந்து தேடினேன், மிதி வாங்கினேன், திட்டு வாங்கினேன். கடைசியில் நீலப் புடவை தெரிந்தது. மேடைக்கு வெகு பக்கத்தில், ஒரு பெரிய விரிப்பில், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள், நீச்சல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவராம், அவர்தான் தனியாக நின்றவளைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். இரண்டு பேர் கையிலும் ஐஸ்கிரீம். பேண்டுக்காரர்கள் தாளத்தை வேகமாக்க, அம்மா தோளை ஆட்டிக்கொண்டு தொடையில் தட்டினாள், என்னவோ சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் ஒலிபெருக்கிக் கம்பத்துக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தடவையாவது திரும்பி வழியைப் பார்ப்பாள், என்னைத் தேடுவாள் என்று நின்றேன். இரண்டு பாட்டு முழுக்க நின்றேன், அவள் பார்க்கவே இல்லை. அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் எனக்கு அழுகை வந்தது. ஒலிபெருக்கிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்.

அப்புறம் போய் நின்றேன். வந்துவிட்டீர்களா என்று நகர்ந்து இடம் விட்டாள், கைப்பையை வாங்கிக்கொண்டாள், கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மேடையைப் பார்த்தாள். கடைசிப் பாட்டு மட்டும் கேட்டேன், என்ன பாட்டு என்று கேட்காதே. முடிந்து நடந்து வரும்போது நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தேன். அவள்தான் பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"உங்க மேல எனக்குக் கோபம் இல்லைங்க. பஸ் போனப்ப எனக்குத் திக்குன்னுகூட இல்லை. சரி, எப்பவும் போலத்தானேன்னு குடையை விரிச்சுக்கிட்டு உள்ளே போயிட்டேன். அதை நினைச்சாத்தான் இப்ப பயமா இருக்கு" என்றாள்.

கொஞ்ச தூரம் போனதும், அப்படியென்றால் நீ பாப்பாவிடமே போய்விடப் போகிறாயா என்று நேராகக் கேட்டுவிட்டேன். போகிறேன், முடிவு பண்ணிவிட்டேன் என்றாள். அப்போ நான் என்று கேட்டேன். அந்த இடத்தில் அவள் நடப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்களும் வந்தா எனக்குச் சந்தோஷம்தான். ஆனா அது அவ வீடு, அவ என்னைத்தான் கூப்பிட்டிருக்கா. வரணும்னா நீங்களே அவகிட்டக் கேளுங்க. இத்தனை வருஷம் உங்களுக்கும் அவளுக்கும் நடுவுல நான் பேசியாச்சு, இதையும் நான் கேக்க மாட்டேன்."

இது நடந்து ஒரு வாரம் ஆகிறது. இன்றைக்கு ஐந்தாவது ஞாயிறு, கடற்கரையில் பட்டம் விடுகிறார்கள். அம்மா அந்த நீச்சல் டீச்சரோடு காலையிலேயே போய்விட்டாள், நீங்கள் எழுதி முடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள், சாப்பாடு மூடி வைத்திருக்கிறது. குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த அட்டவணையை எடுத்து அதன் பின்பக்கத்தில்தான் முதலில் எழுதிப் பார்த்தேன். ஏழு தாள் கிழித்தேன். ஒன்றில் உரிமையோடு எழுதினேன், படித்தால் டிப்போ மேலாளருக்கு எழுதிய மாதிரி இருந்தது. இன்னொன்றில் உருக்கமாக எழுதினேன், படித்து எனக்கே சிரிப்பு வந்தது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுவோம் என்று இப்படி எழுதிக்கொண்டு போகிறேன்.

கேட்பதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும், இது அம்மாவுக்கும் தெரியாது. உனக்குப் பதினோரு வயதில் உன் பள்ளிக்கூடத்தில் கோடை விடுமுறைக்கு முந்தின நாள் மைதானத்தில் நாடகம் போட்டார்கள், நீ கலங்கரை விளக்கமாக நடித்தாய். பெற்றோரைக் கூட்டி வர பள்ளிக்கூடம் எங்களிடம் சிறப்பு பஸ் கேட்டிருந்தது. அதை ஓட்டி வந்தது நான்தான், அது உனக்குத் தெரியும். அறுபத்திரண்டு பேரை உன் பள்ளி வாசலில் இறக்கினேன். நீ தலையில் அட்டைக் கூண்டும் டார்ச் லைட்டுமாக வாசலுக்கு ஓடி வந்தாய், நான் இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன். அப்பாவுக்கு அடுத்த நடை இருந்தது என்று அம்மா உன்னிடம் சொன்னாள், நான் அவளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அடுத்த நடை இல்லை பாப்பா. ஒன்றரை மணி நேரம் எனக்கு ஓய்வு இருந்தது. டிப்போ கேன்டீனில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்தேன். உள்ளே வந்திருந்தால் எங்கே உட்காருவது, மற்ற அப்பாக்களிடம் என்ன பேசுவது, டீச்சர் வந்து வணக்கம் சொன்னால் என்ன செய்வது என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. ஸ்டியரிங் பிடித்திருந்தால் எனக்கு ஒரு இடம் இருக்கிறது, இறங்கிவிட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு மட்டும் என்று நினைத்தேன், பிறகு எல்லா நாளும் அப்படியே ஆகிவிட்டது. உன் பட்டமளிப்பு விழாவுக்கு வராததற்கும் அதுதான் காரணம், மாப்பிள்ளையைப் பார்க்க முதல் தடவை வரச் சொன்னபோது வராததற்கும் அதுதான் காரணம், இடுப்பு வலி என்று சொன்னது சும்மா. இத்தனை வருஷம் கழித்துச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னித்துவிடு.

இனிமேல் சுற்றி வளைக்கவில்லை. அம்மாவோடு நானும் வரட்டுமா. என்னால் உனக்கு என்ன உபயோகம் என்று யோசித்துப் பார்த்தேன், பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. வெங்காயம் நறுக்குவேன், மெதுவாக. துணி மடிப்பேன். அட்டவணை போட மாட்டேன் என்று எழுதித் தருகிறேன். உன் ஊரில் எனக்கு ஒரு தெருகூடத் தெரியாது, நீங்கள் எங்கே போனாலும் பின்னால் நடந்து வருவேன், ஏதாவது புல்வெளியில் உட்காரச் சொன்னால் உட்காருவேன். ஒரு மாதம் பார், ஒத்துவரவில்லை என்றால் சொல். வேண்டாம் என்று இப்போதே தோன்றினாலும் தயங்காமல் சொல்லிவிடு, நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று எழுதத்தான் நினைத்தேன், அது பொய், எனக்கு மனசு உடைந்துவிடும். ஆனால் உன் மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், அம்மாவையும் நல்லபடியாக அனுப்பிவைப்பேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் அன்றைக்கே பேசிக்கொண்டு, எங்கே போனாலும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வந்து, ரொம்ப நாள் நன்றாக இருக்க வேண்டும். வெயிலில் போகும்போது தொப்பி போட்டுக்கொள், என் நெற்றியை நினைத்துக்கொள்.

ஒரு விஷயம் மறந்துவிடாதே. இந்தக் கடிதம் உன் கைக்கு வர பத்து நாள் ஆகும் என்கிறார்கள். அதற்கு அடுத்த ஞாயிறு நீ போன் பண்ணும்போது நான்தான் எடுப்பேன். எப்போதும் நீ அப்பா என்று சொல்லி முடிப்பதற்குள், இரு, அம்மாகிட்ட குடுக்கிறேன் என்று கொடுத்துவிடுவேன், அதுதானே நம் பேச்சு. அன்றைக்குக் கொடுக்க மாட்டேன். நீ என்ன சொன்னாலும், எவ்வளவு நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தாலும், நானே காதில் வைத்துக்கொண்டு நிற்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா